தார்ப்பாய்

ஆனிக் காற்று
பணகுடிப் பக்கம் தாவணியை நிற்க விடாது.
எழுபத்திரண்டு காற்றாலை,
எல்லாவற்றுக்கும் நம்பர்.
பதினாலுக்கு மட்டும் நாங்கள் வைத்த பேர் மூதேவி.
நினைத்தால் நின்றுவிடும்.

காற்று ஊரறியத்தான் வருகிறது,
கணவாய் வழியாக, யாரையும் கேட்காமல்,
போஸ்டரைக் கிழித்து,
பஸ்ஸுக்கு நிற்பவர் வேட்டியை உப்ப வைத்து.
காற்றின் கணக்குதான்
முகம் காட்டாமல் போகிறது:
எந்த ஆலை எத்தனை யூனிட்,
எது கோவை மில்லுக்கு,
எது சிவகாசி அச்சகத்துக்கு.

வண்ணார்பேட்டை ஆபீஸ்வரை
தனிக்கம்பி இழுத்துத் தருவதாக ஒருவர் வந்தார்.
மாத வாடகை கேட்டதும்
கனகசபாபதி சார் பேனாவை மூடிவிட்டார்.
"ஊரு போற ரோட்டுலயே போவட்டும்.
உள்ள இருக்கது மட்டும் தெரியக் கூடாது."
அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

கோபுரம் ஏறுகிற ஞானதிரவியம் கேட்டார்,
அது எப்படிம்மா ஒளியும் என்று.
களக்காட்டு லாரி பார்த்திருக்கீங்கள்லா, அண்ணாச்சி?
தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி
நாலுவழிச் சாலையில் போகிறது.
நாங்குநேரி டோல்கேட்டில்
வண்டி நம்பர் தெரியும், வந்த நேரம் தெரியும்,
டயர் அழுந்துவதில் பாரமும் தெரியும்.
உள்ளே ஏத்தனா செவ்வாழையா, தெரியாது.

"முடிச்ச அவுத்துட்டா?"
அவிழ்க்க உட்கார்ந்தவனுக்கு
ஆயுசு போதாது.
"சாவிய வழியில பிடுங்கிட்டா?"
சாவி ரோட்டில் போகவே போகாது.
அந்த முனை ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளும்,
இந்த முனை ஒன்றை.
நடுவில் காட்டிக்கொள்வது வேறு எதையோ.
அதை வைத்து ரெண்டு பேரும்
ஒரே சாவியைச் செய்துவிடுவார்கள்,
கூடவே நின்று பார்த்தவனுக்கு வராது.
"கணக்கா, மந்திரமா?"
கணக்குதான். எனக்கும் முழுசாகப் பிடிபடாது.

ஒரு செவ்வாய் ராத்திரி
ஹைகிரவுண்ட் பிரசவ வார்டில்
தங்கச்சிக்குத் துணைக்கு இருந்தேன்.
ரெண்டு மணிக்கு போன்: மூதேவி நின்றுவிட்டது.
எதிரே டீக்கடை. வைஃபை இலவசம்,
பாஸ்வேர்டு சுவரில்,
வடை விலைக்குக் கீழே சாக்பீஸில்.
யாரும் காது வைக்கலாம் அந்த வலையில்.
லேப்டாப்பைத் திறந்தேன்.
என் கடவுச்சொல்,
பிறகு போனில் ஆறு இலக்கம்,
அரை நிமிஷம்தான் அதற்கு உயிர்.
பச்சை எரிந்தது.
பாய்லர் ஆவிக்குப் பக்கத்தில், பெஞ்சில்,
ஒரு காலை மடக்கியபடி
பணகுடிக்குள் போய்விட்டேன்.
பிழை எண்ணைப் படித்து, அழித்து,
இறக்கையைக் காற்றுக்குத் திருப்பினேன்.
ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, இருட்டில்,
மூதேவி எழுந்து சுற்றினாள்.

டீ மாஸ்டர் கண்டது
திரையை முறைக்கும் ஒரு பொம்பிளையை.
வலை கொடுத்த கம்பெனி கண்டது
எதுவோ போனதை, எதுவோ வந்ததை.

ஆட்டோக்காரர் ஒருவர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்:
"வேலம்மா கூட வந்தவுக நீங்கதானா?
நர்ஸம்மா மூணு தடவ கூப்பிட்டாச்சு.
பொம்பளப் பிள்ள, ரெண்டு கிலோ எண்ணூறு!"
கடை முழுக்கக் கேட்டது.
யாரோ சீனி கேட்டார்கள்,
யாரோ நட்சத்திரம் கேட்டார்கள்.
நான் முதலில் இணைப்பைத் துண்டித்தேன்.
பழக்கம்.

மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு.
லீவு எழுதிக் கொடுத்திருந்த நாளில்
ஆஜர் என்று இருந்தது.
பதிவேடு சொன்னதாம்:
2.12 முதல் 2.50 வரை, உள்வலை, பணகுடி.
"லீவு மிச்சம்லா, நல்லதுதானே" என்றார் சார்.

நல்லதுதான்.
ஆனால் அன்று நான் பணகுடியில் இல்லை.
"அக்கா எங்க"ன்னு வேலம்மா கேட்டபோது
ஹைகிரவுண்டிலும் இல்லை.

திருத்தச் சொல்லி ஒரு மெயில் போட்டேன்.
அதுவும் தார்ப்பாய்க்குள்தான் போனது.